நாக்கின் அடியில் எத்தனை மில்லிமீட்டர்? தொண்டைப் புற்று அறுவையில் அல்ட்ராசவுண்ட்: தர்மபுரி மாவட்டத்து நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். ராகியும் துவரையும் போடும் மானாவாரி விவசாயி, வயது 57. பீடி முப்பது வருடப் பழக்கம். கூடவே வெற்றிலை புகையிலை. மூன்று மாதமாக விழுங்கும்போது வலி இருந்தும், முதலில் காதைத்தான் காட்டியிருக்கிறார். அவர் சொன்னது இது: "எச்சி முழுங்கினாக்கூட வலது காதுக்குள்ள சுருக்குனு இழுக்குதுங்க டாக்டர்." காதுச் சவ்வு நன்றாக இருந்தது. சொட்டு மருந்து இரண்டு பாட்டில் தீர்ந்ததுதான் மிச்சம்.

நாக்கின் அடிப்பகுதிக்கும் டான்சிலுக்கும் உணர்ச்சி தரும் ஒன்பதாம் கபால நரம்பின் கிளை ஒன்று நடுக்காதுக்கும் போகிறது. அதனால் தொண்டைப் புண்ணின் வலி காதில் தெரியும். 40 வயது தாண்டி, புகையிலைப் பழக்கமும் ஒரு பக்கக் காது வலியும் உள்ளவருக்குக் காதில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கையுறை போட்ட விரலால் நாக்கின் அடியைத் தடவிப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அரை நிமிட வேலை. இவருக்குத் தடவியதும் வலது பக்கம், டான்சிலும் நாக்கும் சேரும் பள்ளத்தை ஒட்டி, கெட்டியான மேடு தட்டுப்பட்டது. வலது தாடைக்குக் கீழே நெறியும் கட்டியிருந்தது.

எம்.ஆர்.ஐ.யில் கட்டி 24 மி.மீ. அகலம், 13 மி.மீ. ஆழம். நடுக்கோட்டைத் தொட இன்னும் 9 மி.மீ. பாக்கி. கழுத்தின் இரண்டாம் மட்டத்தில், அதாவது தாடைக்குக் கீழே மேல் கழுத்தில், 26 மி.மீ. நிணநீர்க் கணு ஒன்று. நெஞ்சு சி.டி.யில் பரவல் இல்லை. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் புற்று, பி16 நெகட்டிவ், அதாவது எச்.பி.வி. வைரஸோடு தொடர்பு தெரியாத ரகம். ஆக டி2 என்1 எம்0 (டி கட்டி, என் கணு, எம் தொலைவில் பரவல்), மூன்றாம் நிலை. பயாப்சி எம்.ஆர்.ஐ.க்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. வரிசை மாறியிருக்க வேண்டும்: முதலில் படம், பிறகு பயாப்சி. கிள்ளிய இடத்து வீக்கமும் ரத்தக்கசிவும் படத்தில் கட்டியோடு சேர்ந்துகொண்டு ஆழத்தைக் கூட்டிக் காட்டும். அது கடைசியில் எப்படித் தெரிந்தது என்பது கீழே வருகிறது.

ஏன் அறுவை?

இந்த நிலைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று கதிர்வீச்சு: 70 கிரே, 35 தடவை, ஏழு வாரம், கழுத்தில் கணு இருப்பதால் பொதுவாக சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். இன்னொன்று வாய்வழியாகக் கட்டியை எடுத்து, கழுத்துக் கணுக்களையும் எடுப்பது. இரண்டும் நல்ல சிகிச்சைதான். கதிர்வீச்சைத் தோற்றவருக்கான கடைசி வழியாக நோயாளியிடம் சொல்வது தவறு. இவருக்கு அறுவை பொருந்தியது. கட்டி ஓரமாக இருந்தது, நடுக்கோடு தாண்டவில்லை, வாய் 38 மி.மீ. திறந்தது. பாக்கு மெல்பவர்களிடம் வாய் இறுகி 35 மி.மீ.க்குக் கீழே போயிருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் வாய்வழி அறுவையை மறந்துவிட வேண்டியதுதான். சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஏழு வாரம் தினமும் போய்வருவதோ, அங்கேயே அறை எடுத்துத் தங்குவதோ அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு சிரமம் என்பதும் பேசப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்கும். போக்குவரத்தையும் இழந்த கூலியையும் அது தாங்காது.

அறுவையைத் தேர்ந்தெடுத்தால் அதன் முழு அர்த்தமும் ஓரத்தில்தான் இருக்கிறது. கட்டியைச் சுற்றி நல்ல திசு 5 மி.மீ.க்குக் குறையாமல் வந்தால் 'தெளிவான ஓரம்'. 1 முதல் 5 வரை 'நெருங்கிய ஓரம்'. 1-க்குக் கீழே போனால் புற்று உள்ளே நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் மறு அறுவை, இல்லையென்றால் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்து. ஒரே சிகிச்சையில் முடியட்டும் என்று வந்தவர் மூன்றையும் சுமப்பார்.

மேல் சவ்வின் ஓரம் கண்ணுக்குத் தெரியும். ஆழத்து ஓரம் தெரியாது. நாக்கின் அடி முழுக்கத் தசை. அதற்குள் புற்று எங்கே முடிகிறது என்று காட்டும் சவ்வோ எல்லையோ கிடையாது. விரலால் தடவித் தடவித்தான் வெட்டுகிறோம். காட்டரி (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி) பட்ட தசையும் கெட்டியாகிவிடுவதால் விரலும் ஏமாறும். அல்ட்ராசவுண்டுக்கு அறுவை அறையில் இடம் கேட்பது இந்தக் குருட்டு ஆழத்துக்காக மட்டும்தான். மேல் சவ்வில் படர்ந்திருக்கும் மெல்லிய மாற்றங்களை அது காட்டாது. அந்த வேலையை அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

கருவி, புரோப், சட்டம்

ஒலி திசுவில் வினாடிக்கு 1540 மீட்டர் ஓடுகிறது. 12 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.13 மி.மீ., 5 மெகாஹெர்ட்ஸில் 0.31. அதிர்வெண் கூடினால் படம் கூர்மையாகும், ஆழம் குறையும். சராசரித் திசுவில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு செ.மீ.க்குச் சுமார் 0.5 டெசிபல் கரையும் என்று கணக்கு. 12 மெகாஹெர்ட்ஸில் 2 செ.மீ. போய்த் திரும்புவதற்குள் 24 டெசிபல், அதாவது 250-ல் ஒரு பங்குதான் திரும்பி வரும். நாக்கின் அடிக்கு இதுவே போதும். வாய்க்குள் வைக்க ஹாக்கி மட்டை போல் முனை வளைந்த சின்ன லீனியர் புரோப் (ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் கைப்பகுதி). தாடைக்குக் கீழிருந்து பார்க்க வயிற்று ஸ்கேனுக்கு வைத்திருக்கும் சாதாரண வளைந்த புரோப். மயக்க மருத்துவர்கள் நரம்பைப் பார்த்து ஊசி போட வைத்திருக்கும் இயந்திரத்திலேயே இந்த ஹாக்கி புரோப் பல இடங்களில் சும்மா கிடக்கிறது. அறுவைக்கான ரோபோ வாங்கிய பிறகுதான் இதெல்லாம் என்று மாவட்ட அளவில் யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இந்தப் பகுதி மாவட்டங்களில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தொண்டை அறுவைக்கு வைத்த இயந்திரத்தையும் விடாது. கருவைப் பார்க்கும் திறன் உள்ள எந்த இயந்திரமும் பதிவாகியிருக்க வேண்டும். கையில் தூக்கிப் போகும் ரகம் பதிவான வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கள்ளத்தனமாக ஸ்கேன் பார்த்தவர்கள் பிடிபட்ட வழக்குகள் உண்டு. அதிகாரிகள் கண்டிப்பாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது. "பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாளைக்கு வாங்கி வரலாம்" என்ற யோசனையே வரக் கூடாது. அறுவைத் தேதிக்கு முன்பே பதிவுச் சான்றில் அந்த இயந்திரமும், அதை இயக்குபவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

புரோப்பைக் கிருமி நீக்க 0.55 சதவீத ஆர்த்தோஃப்தால்டிஹைடில் 12 நிமிடம். கேபிள் முனை நனையாமல், முகப்பு முழுதாக மூழ்கும்படி. பிறகு சுத்தமான நீரில் மூன்று தடவை அலசல். மருந்தின் எச்சம் தொண்டைச் சவ்வைப் புண்ணாக்கும் என்பதால் அலசலைச் சுருக்கக் கூடாது. அதன் மேல் ஸ்டெரைல் உறை. உறைக்குள் ஸ்டெரைல் ஜெல் ஒரு தேக்கரண்டி அளவு. முனையில் ஒரு குமிழிகூட நிற்காதபடி விரலால் நீவி விட்டு, நூலால் கட்ட வேண்டும். குமிழி நின்றால் படத்தில் அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை விழும். அதைக் கட்டியின் நிழல் என்று நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு. வாய்க்குள் ஜெல் வேண்டாம், சலைன் ஈரமே போதும்.

வெட்டுவதற்கு முன்

இடது மூக்கு வழியாக 7.0 அளவு சுவாசக் குழாய். பல்லுக்குக் காப்பு வைக்கப்பட்டது. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் இவருக்குப் பற்கள் காவி படிந்து, எனாமல் பொரிந்திருந்தது. கீழ் வரிசையில் இரண்டு ஆட்டம். வாய் திறப்பான் கம்பி பட்டால் இப்படிப்பட்ட பல் சில்லுச் சில்லாக உதிரும். உதிர்ந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும்.

வாய் திறப்பானை மாட்டும் முன்பே தாடைக்குக் கீழே வளைந்த புரோப் வைத்து முதல் பார்வை. நாக்கின் மேற்பரப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும், அது காற்று. அதற்கு இந்தப் பக்கம் தசை நார்கள் வரிவரியாகச் சாம்பல் நிறத்தில் தெரியும். கட்டி கறுப்பாக, ஓரம் கிழிந்தது போல் தெரியும். இங்கே பெரிய பொறி நாக்கடி டான்சில், நாக்கின் அடியில் இயல்பாகவே இருக்கும் டான்சில் திசு. அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். இடது பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும்: டான்சில் திசு மேற்பரப்பை ஒட்டி இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும், தசைக்குள் நுழையாது. நுழைந்தால் புற்று. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வாய் திறப்பான் மாட்டி, நாக்கைப் பட்டு நூல் போட்டு இழுத்த பிறகு உள்ளே ஹாக்கி புரோப். ஏன் இரண்டு தடவை? இழுத்த நாக்கில் கட்டியின் ஆழம் மாறிவிடும். வெட்டப்போவது இழுத்த நாக்கைத்தான். அளவு 11 மி.மீ. அதே இடத்தில் புரோப்பைக் கொஞ்சம் அழுத்தியதும் 9. அந்த 2 மி.மீ. வித்தியாசம்தான் தெளிவான ஓரத்தையும் நெருங்கிய ஓரத்தையும் பிரிப்பது. புரோப்புக்கும் சவ்வுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடாகச் சலைன் படலம் திரையில் தெரிய வேண்டும். தெரியும்வரை அழுத்தம் இல்லை என்று நம்பலாம். கோடு மறைந்தால் அழுத்துகிறீர்கள்.

அடுத்து, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் நிற டாப்ளர். ஓட்டம் காட்டும் எல்லையைக் குறைத்து, காட்டரியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது வலது நாக்குத் தமனி கட்டியின் அடியிலிருந்து 7 மி.மீ. தள்ளி ஓடியது. வெட்டு மேசையில் குறி வைப்பது 8 முதல் 10 மி.மீ. ஓரம், எடுத்த திசு சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும் என்பதால். ஆகவே தமனி வெட்டுத் தளத்திலேயே வருகிறது. தெரியாமல் வெட்டியிருந்தால் தொண்டைக்குள் பீய்ச்சும் ரத்தத்தில் காட்டரியைக் கண்ட இடத்தில் வைத்திருப்போம். தெரிந்ததால் வரிசை மாறியது: முதலில் கழுத்து, பிறகு வாய்.

அதற்கு முன் இடது நாக்குத் தமனியும் பார்க்கப்பட்டது. ஓட்டம் நன்றாக இருந்தது. ஒரு தமனியில் நாக்கு பிழைக்கும், இரண்டும் போனால் செத்துப்போகும். இந்தப் பரிசோதனை கழுத்தில் தமனியைக் கட்டும் முன்பே முடிய வேண்டும். கட்டிய பிறகு தமனி தட்டையாகிப் படத்திலிருந்தே மறைந்துவிடும்.

கழுத்தும் தொண்டையும்

வலது கழுத்தில் இரண்டு முதல் நான்காம் மட்டம் வரை கணுக்கள் எடுக்கப்பட்டன. வெளிக் கழுத்துத் தமனியிலிருந்து நாக்குத் தமனி பிரியும் இடத்தில் அது கட்டப்பட்டது. சிலருக்கு நாக்குத் தமனியும் முகத் தமனியும் ஒரே தண்டாகக் கிளம்பிப் பிறகு பிரியும். அவசரத்தில் முகத் தமனியை மட்டும் கட்டிவிட்டு வரலாம். கட்டிய பிறகு வாய்க்குள் டாப்ளர் வைத்து வலது பக்க நிறம் அணைந்ததைப் பார்த்த பிறகே கழுத்து மூடப்பட்டது. டைகாஸ்ட்ரிக் தசை தொடப்படவில்லை. கழுத்துக் காயமும் தொண்டைக் காயமும் ஒன்றை ஒன்று சந்திக்காமல் நடுவே நிற்கும் சுவர் அதுதான். அது போனால் எச்சில் கழுத்து வழியாக ஒழுகும்.

தொண்டையில் ஈரத் துணி அடைப்பு, ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே. காட்டரியும் ஆக்சிஜனும் ஒரே குகைக்குள் இருக்கும்போது இதில் சமரசம் இல்லை. கட்டியைச் சுற்றி 1 செ.மீ. தள்ளிப் புள்ளிகள் சுட்டு, அந்தக் கோட்டில் வெட்டு.

வெட்டு 15 மி.மீ. ஆழம் போனதும் நிறுத்தம். மழுங்கிய முனையுள்ள கவ்வி ஒன்றை வெட்டின் அடியில் வைத்து, கட்டியின் மேல் புரோப்பை வைத்தால் உலோகம் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும். கட்டியின் கறுப்பு ஓரத்திலிருந்து அந்தக் கோடுவரை அளந்தால் இதுவரை விட்டிருக்கும் ஓரம் கிடைக்கும். வெளிப்பக்கம் 6, முன்பக்கம் 8. இன்னும் ஆழமாக இறங்க இடம் இருந்தது, இறங்கப்பட்டது.

பின்புறம் நடுக்கோட்டை ஒட்டிய மூலையில் படம் வரவில்லை. காரணம் இரண்டு. காட்டரி கருக்கிய பரப்பில் நுண் குமிழிகள் சிக்கி ஒலியைத் திருப்பி அடிக்கும். வெதுவெதுப்பான சலைன் 20 மி.லி. விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, உறிஞ்சி, மறுபடி வைத்தால் பெரும்பாலும் தெளியும். இங்கே அது தெளிந்தது. இரண்டாவது காரணம் தீரவில்லை. வாய் திறப்பானின் தகடு இடித்ததால் புரோப் நேராக உட்காரவில்லை, சாய்வாகத்தான் நின்றது. தசை நார் மேல் ஒலி செங்குத்தாக விழுந்தால்தான் வெளிச்சமாகத் தெரியும். சாய்ந்து விழுந்தால் நல்ல தசையும் கறுப்பாகி, கட்டியோடு கலந்துவிடும். அந்த மூலைக்கு எண் எதுவும் எழுதாமல் 'தெரியவில்லை' என்றே குறிப்பில் எழுதப்பட்டது. இந்த ஒரு சொல் எழுதப்பட்டதுதான் இந்த நோயாளியின் சிகிச்சையில் மிக முக்கியமான குறிப்பு. ஊகித்து 6 என்று எழுதியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

கிண்ணத்தில் கிடைத்த விடை

கட்டி முழுதாகப் பிரிவதற்கு முன், வெட்டின் இரு கரையிலும் இணை இணையாகத் தையல் அடையாளம் போடப்பட்டது: எடுக்கும் பக்கம் 1 என்றால் எதிரே தங்கும் பக்கமும் 1, இப்படி 6 வரை. பிரிந்த பிறகு போட முடியாது. தசை சுருண்டு எது எதன் எதிர் என்பதே போய்விடும்.

எடுத்த துண்டு 36 × 31 × 19 மி.மீ. சிறுநீரக வடிவக் கிண்ணத்தில் சலைன். அடியில் சலைன் நிரப்பிக் கட்டிய கையுறை ஒன்று, துண்டு அதன் மேல். எஃகுக் கிண்ணத்தின் அடியில் நேராக வைத்தால் எதிரொலி திரும்பத் திரும்ப வந்து ஆழத்து ஓரத்தின் மேலேயே பொய்க் கோடுகள் போடும். புரோப் துண்டைத் தொடாமல் 1 செ.மீ. மேலே, நீருக்குள். அறை வெப்பச் சலைனில் ஒலி 1480 மீட்டர் வேகத்தில்தான் போகும், இயந்திரமோ 1540 என்று கணக்குப் போடும். நீர் வழியே அளந்த தூரம் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதனால் அளவுக் குறிகளைத் திசுவுக்குள்ளேயே, கட்டி ஓரத்திலிருந்து துண்டின் விளிம்புவரை மட்டும் வைக்க வேண்டும். 5 மி.மீ. இடைவெளி விட்டு வரிசையாக ஏழு வெட்டுமுகங்கள் பார்க்கப்பட்டன.

ஓரம் எல்லாப் பக்கமும் 6 முதல் 9. நான்காம் ஐந்தாம் அடையாளங்களுக்கு நடுவே, அடியில், 3. படம் வராத அதே பின் மூலை.

காயத்தில் நான்கும் ஐந்தும் எங்கே என்று தையல் சொன்னது. அங்கே 15 × 12 மி.மீ. பரப்பில் 6 மி.மீ. கனமான துண்டு கூடுதலாக எடுக்கப்பட்டு, புதிய வெளிப்பக்கத்தில் மை பூசி, தனிக் குப்பியில் பேத்தாலஜிக்குப் போனது. மையை மறந்தால் நோயியல் மருத்துவருக்கு எந்தப் பக்கம் காயம், எந்தப் பக்கம் கட்டி என்பது தெரியாது. கூடுதல் துண்டே வீண். அறுவை நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்க்கும் ஃப்ரோஸன் வசதி அன்று இல்லை. எல்லா ஸ்கேனுக்கும் சேர்த்து ஆன நேரம் 25 நிமிடத்துக்குள்.

பேத்தாலஜி முடிவு: கட்டியின் ஆழம் 10 மி.மீ. அல்ட்ராசவுண்ட் சொன்னது 11, எம்.ஆர்.ஐ. சொன்னது 13, பயாப்சி வீக்கம் எம்.ஆர்.ஐ.யில் சேர்ந்துகொண்டது. முதல் துண்டின் அடி ஓரம் அந்த மூலையில் 2.5 மி.மீ. கூடுதல் துண்டு 5 மி.மீ., புற்று இல்லை. இரண்டும் சேர்ந்து தெளிவான ஓரம். கணுக்கள் 27-ல் ஒன்றில் மட்டும் புற்று, உறையைத் தாண்டவில்லை. நரம்பை ஒட்டிய பரவலும் ரத்தக் குழாய்ப் பரவலும் இல்லை. இந்த நிலையில் கதிர்வீச்சு கொடுக்கலாம், கொடுக்காமல் நெருங்கிக் கண்காணிக்கவும் செய்யலாம். புற்றுக் கூட்டுக் குழுவில் பேசி, நோயாளியிடமும் மகனிடமும் இரண்டையும் விளக்கி, கண்காணிப்பு முடிவானது. அடி ஓரம் 2.5 என்றே நின்றிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

பிறகு வந்த நாட்கள்

சுவாசக் குழாய் அன்றிரவு அப்படியே விடப்பட்டு, மறுநாள் காலை அறுவை அறையில் வைத்து எடுக்கப்பட்டது. மூக்கு வழி உணவுக் குழாய் 9 நாள். பிறகு கூழ், குழைந்த சோறு. களி மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான். பட்டெனத் தொண்டையில் நிற்கும் உணவு அது. ஆசைப்பட்டுக் கேட்டாலும் முன்பே கொடுக்கக் கூடாது.

இந்த அறுவைக்குப் பிறகு பயப்பட வேண்டியது இரண்டாம் கட்ட ரத்தக்கசிவு. காயத்தின் மேல் படிந்த வெள்ளைப் பொருக்கு உதிரும் முதல் இரண்டு வாரத்தில் வரும். தமனி கட்டியிருந்தாலும் வரலாம். கட்டியிருந்தால் உயிரைப் பறிக்கும் வேகத்தில் வருவது குறையும். அதனால் தையல் பிரித்ததும் ஊருக்கு அனுப்பவில்லை. மலையடிவாரக் கிராமத்தில் இரவு ரத்தம் துப்பினால் 108 வந்து ஏற்றி வருவதற்குள் நேரம் கடந்துவிடும். 14 நாள் தர்மபுரி டவுனில் உறவினர் வீட்டில் தங்க வைத்து, ஒரு கரண்டி ரத்தம் துப்பினாலும், அது தானாக நின்றுவிட்டாலும், உடனே வர வேண்டும் என்று மகனிடம் எழுதிக் கொடுக்கப்பட்டது. நின்றுவிட்டதே என்று விடியும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து. பெரிய கசிவுக்கு முன் பலருக்கு இப்படிச் சின்ன அறிகுறி வந்து போகும்.

முதல் ஆண்டு மாதம் ஒருமுறை பரிசோதனை. மூன்றாம் மாதம் தாடைக்குக் கீழிருந்து ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து, படங்கள் தேதியோடு சேமிக்கப்பட்டன. ஆறிய தழும்பும் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும். இன்று அதன் வடிவமும் அளவும் பதிவில் இருந்தால்தான் அடுத்த வருடம் அதே இடத்தில் கறுப்பு வளர்ந்திருக்கிறதா, அதே அளவில் நிற்கிறதா என்று சொல்ல முடியும். இவருடைய தழும்பு வலது பக்கம் 8 மி.மீ. அகலம், இடது நாக்குத் தமனியில் ஓட்டம் நன்றாக இருந்தது. காது வலி போய்விட்டது. பீடியை விட்டுவிட்டார், புகையிலை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை இன்னும் இருக்கிறது என்று மகன் சொன்னார். அடுத்த மாதச் சீட்டில் அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.